அருவியைத் தாண்டிய நெடுவாலன்

ஒரு மலைக்காட்டில் பெரிய அருவி ஒன்று இருந்தது. அதன் கரையில் நின்ற நாவல் மரத்தில் நெடுவாலன் என்ற குரங்கும் அதன் மனைவி கருவிழியும் வாழ்ந்து வந்தன.

ஒருநாள் அருவியின் உச்சிப் பாறையில் நெடுவாலனுக்குக் கால் வழுக்கியது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே எம்பு எம்பியது. கண்ணைத் திறந்து பார்த்தால் எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த மான்களும் முயல்களும் வாயைப் பிளந்தன. "அருவியையே தாண்டிவிட்டாயே, எப்படி?" என்று ஒரு மான் கேட்டது.

கால் வழுக்கியது என்று சொல்ல நெடுவாலனுக்கு மனம் வரவில்லை. "இதென்ன பெரிய விஷயம்? தினமும் தாண்டுவதுதான்," என்றது.

தினமும் என்று சொல்லிவிட்டதால் மறுநாளும் தாண்ட வேண்டியதாயிற்று. நாலாம் நாள் கூட்டம் குறைந்தது. நெடுவாலனுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால், தூங்கிக்கொண்டிருந்த சிறுத்தையின் மீசையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வந்தது. அடுத்த வாரம் முதலையின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழத்தை நிதானமாகத் தின்றது. இறங்கும்போது வாலில் ஒரு சாண் குறைந்திருந்தது.

"இன்றைக்கு வால் போயிற்று. நாளைக்கு எது போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மனதைத் தேற்றிக்கொள்கிறேன்," என்றாள் கருவிழி.

"கூட்டத்தைப் பார்த்தாயா நீ?" என்றது நெடுவாலன்.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தது சொட்டைத்தலையன். அது செத்ததைத் தின்று வாழும் கழுகு. முன்னால் இருக்கும் பாறையில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரையும்விடப் பலமாக இறக்கைகளைத் தட்டும்.

"தம்பி, இதெல்லாம் உன் தகுதிக்குக் குறைச்சல்," என்றது கழுகு. "கண்ணைக் கட்டிக்கொண்டு அருவியைத் தாண்டேன். என் சொந்தக்காரர்களையும் அழைத்து வருகிறேன்."

நெடுவாலன் பூரித்துப் போனது. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டுதானே தாண்டினோம் என்ற தைரியம் வேறு.

குறித்த நாளில் காடே திரண்டது. சொட்டைத்தலையனுடன் ஏழு கழுகுகள் அடுத்த மலையிலிருந்து வந்து வரிசையாக உட்கார்ந்தன. நெடுவாலன் உச்சிப் பாறையில் ஏறி, தேக்கிலையைக் கண்ணில் வைத்துக் கொடியால் கட்டிக்கொண்டது.

"தம்பி, இன்னும் பத்தடி வலப்பக்கம் வா," என்றது சொட்டைத்தலையன். "அங்கே நின்றால்தான் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்."

நெடுவாலன் தட்டுத் தடுமாறிப் பத்தடி நகர்ந்தது. குதிப்பதற்காக முழங்காலை மடக்கியது.

அந்தக் கழுகுகளில் ஒன்று சொட்டைத்தலையனின் சித்தி. அவளுக்குக் காது மந்தம். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"எப்போதடா விழுவான்? நேற்றிலிருந்து வயிற்றைக் காயப்போட்டு வந்திருக்கிறேன்."

"மெதுவாகப் பேசுங்கள், சித்தி."

"தொடை எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாய். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

நெடுவாலன் மடக்கிய முழங்காலை நிமிர்த்தியது. இலையை அவிழ்த்துப் பார்த்தது. எதிரே கரையே இல்லை. கால்விரல் நுனிக்கு அப்பால் வெறும் காற்றும், வெகு ஆழத்தில் கூர்கூரான பாறைகளும்தான் இருந்தன.

"அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், தம்பி," என்றது சொட்டைத்தலையன். "ஏமாற்றி அனுப்பாதே."

"எதற்காக வந்தார்கள் என்று உங்கள் சித்தியே சொல்லிவிட்டார், அண்ணே."

நெடுவாலன் திரும்பி நடந்தது. "பயந்தாங்கொள்ளி!" என்று ஒரு காட்டுப்பன்றி கத்தியது. "இதற்காகவா கிழங்கு தோண்டுவதை விட்டு வந்தேன்?" முயல்கள்கூடச் சிரித்தன. பாறையிலிருந்து இறங்குவது அத்தனை தொலைவாக இருக்கும் என்று நெடுவாலன் நினைத்ததே இல்லை.

கீழே கருவிழி காத்திருந்தாள். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெடுவாலனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மாதம் காடு முழுக்கக் கேலிதான். எதிரே வந்த அணில்கள்கூட, "அண்ணே, கண்ணைக் கட்டிவிடட்டுமா?" என்றன. நெடுவாலனுக்கு முகம் சிவந்துபோகும். ஆனால் கேட்பதற்குக் காதும், சிவப்பதற்கு முகமும் அதற்கு மிச்சமிருந்தன.

ஆபத்தில் குதிக்கச் சொல்லி ஒருவர் கைதட்டும்போது, நாம் விழுந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும்.