இரண்டாவது லைன்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர்கள் இருவரும் இதைச் சொல்லிச் சிரித்து முடித்து ஒரு வருடம் ஆகிறது.

குருவின் பெயர் நிலோபர். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுப்பவர். சீடர் உத்திராபதி தொலைபேசி இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் எக்ஸ்சேஞ்ச் பார்த்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். வகுப்பில் முதல் வரிசை அவருடையது. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் வகுப்பு முடிந்தும் எழுந்திருக்க மாட்டார், டீச்சரையும் எழுந்திருக்க விடமாட்டார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். உரக்கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு தொலைபேசி எண், அதற்கு இரண்டு லைன். பாம்பு கடித்தவரின் வீட்டார் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, விஷமுறிவு மருந்து இன்று எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று அங்கிருந்து சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் நாற்பது கிராமங்களின் சுவர்களில் அந்த எண் எழுதியிருந்தது. அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அழைப்பாவது வந்துவிடும்.

இது அறுவடைக் காலம். செவ்வாய்க்கிழமை இடி விழுந்ததில், இரண்டு லைனையும் பிரித்துக் கொடுத்த பெட்டி கருகிப் போனது.

உத்திராபதி ஒரு பழைய கணினியையும் ஒரு தொலைபேசி கார்டையும் தேடிப் பிடித்தார். கார்டைச் செருகிவிட்டால் கணினியே சின்ன எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும். ஆனால் கார்டு பேசுவது கணினிக்குப் புரியாது, கணினி பேசுவது கார்டுக்குப் புரியாது. நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் வேண்டும். அதைத்தான் அவர் மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், தோற்றுப்போய் குருவைக் கூப்பிட்டார்.

நிலோபர் மாடியேறி வந்தபோது அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாதாரண போன். மேசையில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்தன.

"சாப்பிடலையா சார்?"

"அது கெடக்கட்டும் டீச்சர். ஒம்போது தடவை போட்டுட்டேன். ஒம்போது தடவையும் ஒரு தப்பும் காட்டாம முடியுது. ஆனா கார்டு கண்ணைத் தொறக்க மாட்டேங்குது. கேட்டா, அப்படி ஒரு கருவியே இல்லேங்குது."

"ஒவ்வொரு தடவையும் என்ன செஞ்சீங்க?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேருந்து போட்டேன்."

எக்ஸ்சேஞ்ச்காரர்களின் பழக்கம் அது. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் எல்லா இணைப்பையும் பிரித்து மறுபடி முறுக்குவார்கள். பாதி நேரம் சரியாகியும் விடும், அதனால் பழக்கம் போவதில்லை.

"இப்ப கூப்பிடறவங்களுக்கு யாரு பேசறா?"

"நான்தான். ஒரு லைனை மட்டும் நேரா இந்த போன்ல மாட்டியிருக்கேன்."

"இன்னொண்ணு?"

உத்திராபதி சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தார்.

"அது சும்மா தொங்குது டீச்சர். நான் ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டிருக்கையில இன்னொருத்தர் கூப்பிட்டா, அந்த லைனுக்குப் போகும். அவங்களுக்கு பிஸின்னுகூட வராது. மணி அடிக்கறது கேக்கும். அடிச்சுக்கிட்டே இருக்கும். இங்க ஒரு சத்தமும் இருக்காது. ஆளு உக்காந்துக்கிட்டே எடுக்கலைன்னுதானே நெனப்பாங்க?"

அவர் ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு நாள்ல எத்தனை பேரு அப்படி காதுல வச்சுக்கிட்டு நின்னாங்களோ. எனக்குத் தெரியவே போறதில்ல."

நிலோபர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"வடிவழகி அக்கா எங்க?" என்று கேட்டார்.

கீழே தையல்கடை வைத்திருப்பவர் வடிவழகி. நான்கு வருடமாக அந்த அறையின் இன்னொரு ஆள்.

"டிரைவர் சரியாகற வரைக்கும் வர வேணாம்னுட்டேன்."

"ஒருத்தர் போனைப் பாத்தா இன்னொருத்தர் கணினியைப் பாக்கலாமே?"

"ஒங்களுக்குத் தெரியாது டீச்சர். போன மாசம் அவங்க ஒரு ஆளைத் தப்பான ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அங்க மருந்து தீர்ந்து கெடந்துருக்கு. நாப்பது நிமிஷம் போச்சு. அந்த ஆளு பொழைச்சது அவங்கம்மா செஞ்ச புண்ணியம். அதுலேருந்து நானே எடுத்துடறேன்."

நிலோபர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். விசைப்பலகையைத் தொடவில்லை.

"நீங்களே அடிங்க சார். கார்டு இருக்கான்னு கேக்க வேணாம். அது இப்ப யாரு கையில இருக்குன்னு கேளுங்க."

அவர் தட்டினார். திரையில் ஒரு பட்டியல் ஓடி நின்றது. கார்டின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒரு டிரைவரின் பெயரும் இருந்தது. உத்திராபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இது நான் போட்டது இல்லையே!"

"இல்ல."

"அப்ப இது யாரு?"

"லினக்ஸோடவே வர்றது. வேற ஒரு பழைய கார்டுக்காக எழுதினது. ரெண்டு கார்டுலயும் சிப் ஒண்ணுதான். கணினி எழுந்திரிச்ச உடனே ஓடி வந்து, இது நம்ம கார்டுன்னு பிடிச்சுக்கிட்டிருக்கு. இதுகிட்ட பேச அதுக்குத் தெரியல. ஆனா விடவும் இல்ல. நீங்க போட்டது ஒம்போது தடவையும் வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கு."

"திருட்டுப்பய டிரைவர்!"

"திட்டாதீங்க சார். நல்ல டிரைவர் அது. உதவி செய்யத்தான் வந்துச்சு."

மடியில் இருந்த போன் அடித்தது. உத்திராபதி முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க... எந்த எடத்துல கடிச்சுது? சரி. கட்டுப் போடாதீங்க. கீறாதீங்க. வாயை வச்சு உறிஞ்சாதீங்க. காலை அசைக்காம படுக்க வச்சு, உடனே வண்டியை எடுங்க." அவர் கண்கள் சுவரில் இருந்த கரும்பலகைக்குப் போயின. "ஆத்துக்கு அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து இருக்கு. நிக்காம போங்க."

வைத்தார்.

நிலோபரும் கரும்பலகையைப் பார்த்தார். தினமும் காலை எட்டு மணிக்கு ஆறு ஆஸ்பத்திரிகளுக்கும் பேசி, எங்கே எத்தனை குப்பி மருந்து இருக்கிறது என்று தேதியும் கிழமையும் போட்டு அதில் எழுத வேண்டும். ஒரு நாள் அவர், ஒரு நாள் வடிவழகி. அந்த அறையின் முதல் விதி அதுதான்.

"இன்னிக்கு என்ன கிழமை சார்?"

"வெள்ளி."

"அதுல செவ்வாய்னு போட்டிருக்கு."

உத்திராபதி எழுந்தார். மடியில் இருந்த போன் நழுவப் பார்த்தது, பிடித்துக்கொண்டார். மறுபடி உட்கார்ந்தார்.

"மறந்தே போயிட்டேன் டீச்சர். டிரைவர் டிரைவர்னு அதுலயே... ஐயையோ. இப்ப அனுப்பிட்டேனே. அங்க மருந்து இல்லேன்னா? அவங்க நம்பர்கூட எங்கிட்ட இல்ல. திரும்பக் கூப்பிட வழியில்ல."

கைப்பேசியை எடுத்து அக்கரை ஆஸ்பத்திரியின் எண்ணைத் தட்டினார். அவசரத்தில் இரண்டு முறை தப்பான எண் போனது. மூன்றாம் முறை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

அதற்குள் நிலோபர் படிக்கட்டில் இறங்கி, "அக்கா!" என்று குரல் கொடுத்திருந்தார்.

வடிவழகி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே மேலே வந்தார். உத்திராபதியின் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கரை ஆஸ்பத்திரியில மருந்து இருக்காம்மா? ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"இருக்குண்ணே. பதினோரு குப்பி." இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார். "நேத்து சாயங்காலம் வந்துச்சு. புதன்கிழமையும் நேத்து பகல்லயும் அங்க ஒண்ணுமே இல்ல. அப்ப யாரையும் அனுப்பினீங்களா?"

உத்திராபதி விரல் விட்டு எண்ணினார். புதனன்று மூன்று அழைப்பு. வியாழனன்று இரண்டு. ஐந்து பேரும் கிழக்கேயிருந்து கூப்பிட்டவர்கள், ஐந்து பேரையும் அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்.

"இல்லம்மா. அனுப்பல."

"அப்ப சரி. பெரியாஸ்பத்திரியில எல்லா நாளும் இருந்துச்சு."

உத்திராபதி கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"ஒங்களை வர வேணாம்னு சொல்லியிருந்தேனே," என்றார்.

"வரலையே. வீட்டுலேருந்தே பேசி எழுதி வச்சேன். எழுதாம எப்படிண்ணே இருக்கறது?"

வடிவழகி ஈரத்துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினார். வெள்ளிக்கிழமை என்று கொட்டை எழுத்தில் போட்டார்.

உத்திராபதிக்கு அவமானமாக இருந்தது. நிலோபரைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன மாசம் அந்தத் தப்பு நடந்த அன்னிக்கு, போர்டு எழுதற முறை என்னோடது டீச்சர். நான் லேட்டா வந்தேன். அவங்க பழசைப் பாத்துச் சொல்லிட்டாங்க."

வடிவழகி எழுதிக்கொண்டேயிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்திருக்கும், அறை அவ்வளவு சின்னது.

உத்திராபதி திரையைக் காட்டிக் கேட்டார்.

"அந்த டிரைவரை அழிச்சிடட்டுமா?"

"எதுக்கு? அதோட கார்டு வர்ற அன்னிக்கு அது வேணும். கூப்பிடாம நீயா வராதேன்னு ஒரு வரி எழுதி வைங்க, போதும்."

அவர் எழுதினார். பழைய டிரைவரை இறக்கினார். தன்னுடைய டிரைவரை ஏற்றினார். பத்தாவது தடவையாகப் போட வேண்டியிருக்கவில்லை, அது முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.

கணினியின் முதுகில் நான்கு விளக்குகள் எரிந்தன. இரண்டு பச்சை. இரண்டு சிவப்பு.

"சிவப்பு! சிவப்பு!" உத்திராபதி மின்சார ப்ளக்கைப் பிடுங்கக் குனிந்துவிட்டார்.

"சார், கையை எடுங்க. சிவப்பு எரியற வாய் எக்ஸ்சேஞ்ச் லைனுக்கு. பச்சை நம்ம போனுக்கு. இந்தக் கார்டுல அப்படித்தான்."

"முப்பத்திரண்டு வருஷமா சிவப்பு எரிஞ்சா ஓடியிருக்கேன் டீச்சர்."

"உக்காருங்க."

யார் போன் எப்போது அடிக்க வேண்டும் என்பதை அவர் முதல் நாளே எழுதி முடித்திருந்தார். மாட்டுவதுதான் பாக்கி. தொங்கிக்கொண்டிருந்த இரண்டாவது லைனை முதலில் செருகினார். இன்னொரு போனைக் கணினியில் மாட்டி வடிவழகியின் மேசையில் வைத்தார். முதல் லைன் பிஸியாக இருக்கட்டும் என்று தன் மடியில் இருந்த போனின் ரிசீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தார். வடிவழகியின் மேசையில் மணி அடித்தது. மூன்று நாளைக்குப் பிறகு அந்த லைனின் சத்தம் அந்த அறைக்குள் கேட்டது. உத்திராபதி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், துடைத்தது வியர்வை மட்டும் இல்லை.

இனி முதல் லைனையும் மாற்ற வேண்டும். சுவரில் இருந்து ஒயரைக் கழற்றக் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"இத்தனை நாளா இது ஒண்ணுதான் பேசிக்கிட்டிருந்துச்சு. கழட்டற நேரம் பாத்து யாராவது கூப்பிட்டா?"

"ஒரு நொடிதான் சார். மாட்டின உடனே அடிக்கும்," என்றார் நிலோபர்.

அவர் கழற்றினார். மாற்றிச் செருகினார். போனைக் காதில் வைத்துப் பார்த்தார். ஒலி வந்தது.

பத்து நிமிடம் போனது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் இரண்டு கவளம் எடுத்திருப்பார், முன்னால் இருந்த போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். ஒரு பெண் குரல். களத்தில் வைக்கோல் பிரிக்கும்போது அவள் அப்பாவின் கையில் ஏதோ கடித்துவிட்டது, கை வீங்குகிறது, அழுகிறாள்.

"அழுவாதம்மா, நான் சொல்றதைக் கேளு. விரல்ல மோதிரம் ஏதாவது போட்டிருக்காரா? மொதல்ல அதைக் கழட்டிடு."

இரண்டாவது லைன் அடித்தது. வடிவழகி எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி. எங்கேருந்து பேசறீங்க? கட்டுப் போட்டிருக்கீங்களா? எப்பப் போட்டீங்க?"

உத்திராபதியின் காது அந்தப் பக்கம் போனது. கழுத்தும் திரும்பியது. வடிவழகி கரும்பலகையைப் பார்க்கிறாரா, பார்க்காமல் சொல்கிறாரா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, குருவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், அவங்க சரியா சொல்றாங்களான்னு கொஞ்சம் பக்கத்துல நின்னு கேளுங்களேன்."

நிலோபர் எழுந்திருக்கவில்லை.

"ஒங்க போன்ல ஒருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க சார்."