மெழுகு பூசிய ஜாடி

யுன்னான் மலையில், மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு மடம். அங்கே தாவோ என்றொரு சீடர். வயசு அறுபது. மனைவி யூலான் செத்த வருஷம் வந்து சேர்ந்தவர். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றுவது அவர் வேலை. குருவம்மா அவருக்கு வயசில் சின்னவர். தினமும் தாவோவுக்கும் ஒரு கோப்பை வைப்பார்.

"இன்றைக்காவது விரதம் முடியுமா?"

தாவோ சிரித்துக்கொண்டே தள்ளி வைத்துவிடுவார்.

காரணம் இருந்தது. யூலான் கடைசியாகத் தேயிலையை ஆவியில் இளக்கி, துணியில் முடிந்து, கல்லுக்கடியில் அழுத்திய வட்டு ஒன்று அவரிடம் இருந்தது. ஜாடியில் போட்டு, மெழுகு பூசி, தலைமாட்டில் வைத்திருந்தார். அவள் போனபின் தேநீரையே தொடவில்லை; குடித்தால் முதலில் அதைத்தான்.

அவள் நினைவு நாளில் ஜாடியோடு வந்தார்.

"அவள் கை ருசி இன்னொரு தடவை கிடைக்குமா, குருவம்மா?"

"கொடுங்கள், பார்ப்போம்."

வட்டின் அடியில் துணி முடிச்சு அழுந்திய குழி. யூலான் இடது கைக்காரி; குழி ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. தாவோ அதைத் தடவிப் பார்த்தார்.

தேயிலையைக் கழுவிய முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை ஊற்றினார் குருவம்மா. தாவோ ஒரு வாய் குடித்தார். ஈரச் சாக்கைச் சப்பினது மாதிரி இருந்தது.

"காற்று பட்டால்தானே இந்தத் தேயிலை வருஷம் போகப் போகப் பழுக்கும், தாவோ?"

"தெரியும். அவள் வாசம் போய்விடுமே என்று பயந்தேன்."

குருவம்மா எழுந்துபோய், அடுப்புக்கு மேலே தொங்கிய மூங்கில் கூடையை இறக்கினார். உள்ளே கறுத்த துண்டு ஒன்று. அதிலும் ஒரு குழி. ஒரு பக்கமாய்ச் சாய்ந்த குழி.

"அவள் ஏழு அழுத்தினாள். சாகுமுன் ஆறை இங்கே கொண்டுவந்தாள். மனசு உடைந்து வருகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றாள்."

"நான் இத்தனை நாள் ஊற்றினது..."

"இதுவும்தான்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கோப்பை வைத்தேனே."

குருவம்மா துண்டைப் பிட்டு வெந்நீரில் போட்டார்.

"அந்தக் குழியை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றார் தாவோ. அதற்குள் அது வெந்நீரில் இளகத் தொடங்கியிருந்தது.

மழை நின்ற காட்டு மணம் எழுந்தது. புது மணப்பெண்ணாய் அவள் நீட்டிய கோப்பையில் இருந்த மணம். தாவோ கூடையைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

குருவம்மா கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு தூள் விழவில்லை.

"குடியுங்கள், தாவோ. ஆறிப்போகிறது."