எட்டுக்கால் யானை

கரட்டு மலையடியில ஓட்டுக் கொட்டகை போட்டு இருந்த வேலாத்தாள ஊரே தாயின்னுதான் கூப்பிடும். யாராச்சும் கேள்வி கேட்டு வந்தா, பதில் சொல்றதுக்கு முன்னால, வந்தவங்க குரல்லயே அந்தக் கேள்விய ஒருக்கா திருப்பிக் கேக்கும் தாயி. பாதிப் பேரு அதைக் கேட்டதுமே, பதில் வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிருவாங்க.

மாரப்பன் அப்படிப் போகாத ஆளு. பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர். தாயிய விட ஆறு வயசு மூத்தவரு. ஆனாலும் நாலு வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து, கொட்டகையக் கூட்டித் தண்ணி தெளிச்சுட்டு, சீடனா எதிர்ல உட்காருவாரு.

அந்த ஞாயித்துக்கிழமை மகளையும் கூட்டிட்டு வந்தாரு. தாரணி. நாலரை வயசு.

"தாயி, இவ இப்பல்லாம் வரையறதே இல்லீங்க."

தாயி அவரு குரல எடுத்துச்சு. "தாயி, இவ இப்பல்லாம் வரையறதே இல்லீங்க." அப்புறம் தன் குரலுக்கு வந்துச்சு. "எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமாச்சுங்க. முன்னெல்லாம் செவுரு, தரை, என் வேட்டி, ஒண்ணையும் விடமாட்டா. இப்ப சாக்பீஸக் கையில குடுத்தா எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடறா. 'நீயே போடுப்பா'ங்கறா."

"போட்டுட்டுப் போங்க. அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மாரப்பன் மகளத் திரும்பிப் பார்த்தாரு.

"வரையறப்ப ஒரு பாட்டு பாடுவாளுங்க. வார்த்தை ஒண்ணும் இருக்காது, ம்ம்ம்னு ஒரு ராகம். அதுவும் நின்னுபோச்சு. வீடே ஓஞ்சு கெடக்குது. புள்ளைய என்ன பண்ணுனீங்கன்னு இவங்கம்மா கேக்கறா. எனக்குத் தெரியலீங்க தாயி."

"வெளிய கூட்டிட்டுப் போய்ப் பார்த்தீங்களா?"

"வாராவாரம் ஏரிக்கரைக்குப் போறமுங்க. அட்டை, ஸ்கேலு, ரப்பரு எல்லாம் எடுத்துட்டுத்தான் போறேன்."

"ஏரிக்கரைக்கு ரப்பரா?"

"தப்பு வந்தா அழிக்கோணுமில்லீங்களா?"

தாயி எந்திரிச்சுது. "வாங்க, பாறைக்குப் போலாம்."

கரட்டுமேல அகலமா ஒரு பாறை. காலை வெயிலு இன்னும் அங்க ஏறல. தாயி மூணு கொட்டாங்குச்சிய வரிசையா வெச்சுது. ஒண்ணுல செம்மண்ணு, ஒண்ணுல அடுப்புக்கரி, ஒண்ணுல சாம்பல். கீழ இருக்கற சுனையில இருந்து சொம்புத் தண்ணி கொண்டுவந்து, மூணையும் குழைச்சுது. வேப்பங்குச்சி நுனியக் கடிச்சுத் தூரிகையாக்குச்சு.

தாரணி கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

"நீ உட்கார்ந்து வேடிக்கை பாரு அம்மிணி. இன்னைக்கு உங்கப்பன் போடட்டும்."

மாரப்பனுக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான். பாறைய ஒரு பார்வை பார்த்தாரு. நடுவுல மேடாட்டம் ஒரு வளைவு. யானைதான்னு முடிவு பண்ணிட்டாரு. கரியத் தொட்டு, முதுகுக் கோட்டை ஒரே இழுப்புல இழுத்தாரு.

"க்ஹும். இது என்ன சாமி?"

பின்னாலருந்து அவரோட குரலே வந்துச்சு. வகுப்புக்குள்ள நுழையறப்பக் கனைக்கற அதே கனைப்பு. கடைசில, மககிட்டப் பேசறப்ப வர்ற சர்க்கரை வேற தடவியிருந்துச்சு.

"யானைங்க."

"அடடே, யானையா! சூப்பரு! ஆனா யானைக்கு முதுகு இத்தனை நீளமாவா இருக்கும்?"

மாரப்பன் முன்னங்காலு ரெண்டையும் போட்டாரு.

"யானைக்கு எத்தனை காலு? எண்ணலாமா? ஒண்ணு..."

"தாயி, நான் இன்னும் முடிக்கலீங்க."

"முடி, முடி. அப்பா சும்மாதான சொல்றேன்."

தாரணி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "அப்பா மாதிரியே!"

தும்பிக்கைக்கு வந்தாரு.

"கரி வேண்டாம், அங்க சாம்பல் எடு. ம்ஹூம். குச்சிய அப்படியா பிடிப்பாங்க? குடு, அப்பா காட்டறேன்." தாயி அவரு கையப் பிடிச்சு ஒரு கோடு இழுத்துக் காட்டுச்சு. பதினெட்டு வருசமா டிராயிங் சொல்லிக் குடுக்கற கை. மாரப்பனுக்குக் காது மடல் சூடேறுச்சு.

"வாலு எங்க? வாலில்லாத யானை உண்டா? யோசி பார்க்கலாம். யோசி..."

மாரப்பன் குச்சியத் தாயி கையில திணிச்சாரு.

"அட, நீங்களே போடுங்க!"

சொன்ன வாய் மூடல. அப்படியே நின்னுட்டாரு.

தாரணி அவர நிமிர்ந்து பார்த்தா. தன் கட்சிக்கு ஒரு ஆளு வந்து சேர்ந்த மாதிரி.

அப்புறம் ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னாலருந்து மெதுவா வெளிய வந்துச்சு. தாயி கையில இருந்த குச்சிய வாங்குனா. செம்மண்ணுல முக்குனா. போடறதுக்கு முன்னால அப்பாவோட வாயப் பார்த்தா.

மாரப்பன் உதட்ட இறுக்கிக்கிட்டாரு.

தாரணி அவரு யானைக்கு ஒரு காலு வெச்சா. இன்னொண்ணு வெச்சா. நாலு ஆச்சு. அஞ்சு. ஆறு. குச்சி பத்தாதுன்னு உள்ளங்கையவே முக்கி அப்புனா. ஏழு.

"க்..."

மாரப்பன் தொண்டை அவரக் கேக்காமலே கனைக்க ஆரம்பிச்சிருச்சு. புள்ளையோட கை அந்தரத்துல நின்னுச்சு. விரல்லருந்து செம்மண்ணு சொட்டுச்சு.

கனைப்ப அப்படியே முழுங்குனாரு. முழுங்குனதுல கண்ணுல தண்ணி வந்துருச்சு.

கை அந்தரத்துலயே கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்புறம் எறங்கி, எட்டாவது கால அப்புச்சு. ஒம்பதாவதா வெச்சது காலா வாலான்னு தெரியல. பாறைமேல முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து தாரணி எங்கேயோ போயிட்டிருந்தா. ம்ம்ம்னு ஒரு ராகம், வார்த்தையில்லாம, சன்னமா கேக்க ஆரம்பிச்சுது.

மாரப்பன் அசையாம நின்னு கேட்டாரு. ரொம்ப நேரங்கழிச்சுத் தாயி பக்கத்துல போயி, மூச்சு விடற மாதிரி கேட்டாரு.

"தாயி, இப்ப நான் என்ன பண்ணோணும்?"

அந்தக் கேள்வியத் தாயி திருப்பிக் கேக்கல.

"கொட்டாங்குச்சி காஞ்சு போச்சு பாருங்க. போயித் தண்ணி மொண்டுட்டு வாங்க."