அக்கரைக்கு மட்டும் தேன் கூழ்

ஆற்றின் வடகரைக் காட்டில் ஒரு கரடி கூழ் தொழிற்சாலை நடத்தி வந்தது. குட்டிகளுக்கான கூழ். வடகரைக் குட்டிகள் எல்லாம் அதைக் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தன.

வியாபாரம் பெருக வேண்டாமா? தென்கரை அணில்கள் மேல் கரடிக்குத் திடீர்ப் பாசம் வந்தது. கூழ்ப் பானைகளோடு கொக்குகளைப் படகில் அங்கே அனுப்பியது. கொக்குகள் பிறவியிலேயே வெள்ளைக் கோட்டு போட்டவை. அணில்கள் அவற்றை டாக்டர்கள் என்றே நம்பின.

"கொட்டையும் பழமும் பழைய காலத்துத் தீனி! இதைக் கொடுங்கள், பிள்ளை புலியாக வளரும்!" என்றன கொக்குகள்.

அணில் குட்டிகள் ஒரு வாய் குடித்தன. தேனாய்த் தித்தித்தது. பிறகு வேறு எதையும் தொடவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவற்றின் பற்கள் கறுத்து உதிரத் தொடங்கின. பல் போன அணில் எதைக் கொறிக்கும்? எப்படிப் பிழைக்கும்?

கொடிமுல்லை என்ற தாய் அணில் தன் மகனின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துப் பார்த்து அழுதது. பிறகு மிச்சமிருந்த கூழைச் சிறு பானையில் எடுத்துக்கொண்டு, கொக்குகளின் படகிலேயே ஏறி ஆற்றைக் கடந்தது.

கரடி வீட்டில் சாப்பாட்டு நேரம். கரடிக்குட்டியும் அதே தொழிற்சாலைக் கூழைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. கொடிமுல்லை அதில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தது. தித்திப்பே இல்லை!

"எங்களுக்கு அனுப்பும் கூழில் மட்டும் ஏன் இவ்வளவு தேன்?"

"குட்டிகளின் கூழில் தேன் கலக்கக் கூடாது என்பது வடகரைச் சட்டம்," என்றது கரடி பணிவாக. "உங்கள் கரையில் அப்படி ஒரு சட்டமே இல்லையே, அம்மா! இல்லாத சட்டத்தை நாங்கள் எப்படி மீற முடியும்? எங்கள் நிறுவனம் ரொம்ப நேர்மையானது!"

"அப்படியா? உங்கள் பிள்ளைக்கு என் பானையிலிருந்து ஒரு கரண்டி கொடுங்கள், பார்க்கலாம்!"

"ஐயோ, வேண்டாம்!" என்று பெண் கரடி பாய்ந்து வந்து குட்டியின் வாயைப் பொத்தியது. "பல் கெட்டுவிடும்!"

கரடி இருமியது. இருமி முடிக்க வெகு நேரம் பிடித்தது.

கொடிமுல்லை கரை திரும்பி நடந்ததைச் சொன்னது. அன்றே தென்கரையில் கூழ் விற்பனை படுத்தது. தாய் அணில்கள் கொட்டைகளைத் தாங்களே மென்று, பல் போன பிள்ளைகளுக்கு ஊட்டின.

கரடி ஆழ்ந்த வருத்தத்தோடு ஓர் அறிக்கை விட்டது: "குழந்தைகளின் நலமே எங்கள் மூச்சு!" பிறகு, விற்காத பானைகளை முயல்கள் வாழும் மலைக்கு அனுப்பி வைத்தது. அங்கே இன்னும் சட்டம் வரவில்லை.

தன் பிள்ளைக்கு ஊட்ட அஞ்சுவதை ஊரார் பிள்ளைக்கு விற்பவன், சட்டமே தடுக்காவிட்டாலும் வஞ்சகனே.