பெயரில்லாத பிள்ளைக்கு ஒரு விளக்கு

கோபமே வராத குருமார்களைத்தான் கதைகளில் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரை மடத்துச் சங்கரலிங்க அடிகள் அப்படிப்பட்டவர் இல்லை. அன்று அவருக்கு வந்த கோபம் போதாது என்றுகூடச் சொல்வேன்.

மடத்துக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது சீடர் ஆவுடையப்பன். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஊராருக்கு உபதேசம் என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

அன்று காலை பேராச்சி என்ற பெண் வந்தாள். ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோன தன் பிள்ளைக்கு, செத்தவர்களுக்கு ஏற்றும் மோட்ச விளக்கை ஏற்ற வேண்டும் என்றாள். பிறக்காத, பெயர் வைக்காத ஒன்றுக்கு விளக்கு ஏற்றும் வழக்கம் இல்லை, வீட்டுக்குப் போ என்றார் ஆவுடையப்பன்.

அவள் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கவே தெம்பில்லை.

அடிகள் உள்ளேயிருந்து வந்து விசாரித்தார். இரண்டாம் மாதத்திலேயே, இதைச் சுமந்தால் உன் உயிருக்கு ஆபத்து, கலைத்துவிடு என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். என்ன செய்வதென்று கேட்க இந்த மடத்துக்குத்தான் வந்தாளாம்.

"இவுகதான் சொன்னாக சாமி. உள்ள இருக்கது முழு உயிரு, கலைச்சா கொலைன்னு. அதான் சுமந்தேன். பிள்ளையும் போச்சு, நானும் இருபது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

அடிகளின் முகம் சிவந்தது. சீடர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மாசத்துல முழு உயிரு. ஆறு மாசத்துல பேரில்லாத ஒண்ணு. நடுவுல என்ன வே தேஞ்சுபோச்சு?"

ஆவுடையப்பன் சாத்திரத்திலிருந்து ஏதோ எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"சாத்திரத்த வையும். சுமக்கச் சொன்னீரே, ஒரு நாளாவது போய் அவளப் பாத்தீரா?"

"இல்ல சாமி."

அடிகள் தாமே எண்ணெயும் திரியும் எடுத்து வந்தார். வயிற்றில் இருந்தபோது பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று பேராச்சியிடம் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே விளக்கை ஏற்றினார். அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து போனாள்.

ஆவுடையப்பனுக்கு அப்போதும் தோற்க மனமில்லை.

"நீங்களே விளக்கு ஏத்திட்டீங்க. அப்போ அது உயிருதான? நான் அன்னைக்குச் சொன்னது சரிதான?"

"அத என்கிட்ட ஏன் கேக்கீரு? உமக்குத் தெரியாதா?"



"தெரியாது சாமி."

"அந்த ஒத்த வார்த்தைய அன்னைக்கு அவகிட்டச் சொல்லியிருக்கலாம்லா வே."