பதினோரு முழப் பலகையும் ஒரு நண்டு வளையும்

பெரியோரே, சிறியோரே, கேளுங்கள். கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பி ஓடிய காலத்தில், வெள்ளைக்கழி என்னும் துறைமுகத்தில் இருவர் அடுத்தடுத்து உப்பளம் வைத்திருந்தார்கள். ஒருவன் மாநாகன், பேச்சில் பெரியவன். மற்றவள் வெண்ணி, அதிகம் பேசாதவள்.

அவ்வூரில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரை முதல் நாளில் ஒவ்வொரு வணிகரும் தம் இலக்கைப் பலகையில் எழுதிக் கடைத்தெருவில் நிறுத்த வேண்டும். பலகை எத்தனை நீளமோ, அத்தனை மரியாதை. எழுதியது நடந்ததா என்று கேட்பது மட்டும் நாகரிகமன்று.

முதலாம் ஆண்டு மாநாகன் ஐந்து முழப் பலகை நிறுத்தினான். 'ஐந்நூறு வண்டி உப்பு' என்றது பலகை, விளைந்தது தொண்ணூறு. இரண்டாம் ஆண்டு எட்டு முழம். 'ஆயிரம் வண்டி' என்றது பலகை, விளைந்தது எண்பது. ஆண்டுதோறும் முன்னேறியவர் பலகை செய்த தச்சர் ஒருவரே.

வெண்ணியின் பலகையோ உள்ளங்கை அகலம். 'இம்மாதம், கிழக்கு வரப்பின் நண்டு வளை' என்று எழுதியிருந்தாள். கடைத்தெரு சிரித்தது.

"ஏனம்மா வெண்ணி, நண்டை வென்று எந்த நாட்டைப் பிடிக்கப் போகிறாய்?" என்றான் மாநாகன்.

"நாடு வேண்டாம், அண்ணா. பாத்தியில் பாய்ச்சிய நீர் பாத்தியிலேயே நின்றால் போதும்."

வளையை அடைத்தாள். அடுத்த மாதம் பலகையைத் துடைத்துவிட்டு, உப்புச் சிந்தும் கூடைகளை எழுதினாள். இடுக்கில்லாமல் முடைய வைத்தாள். அதற்கடுத்த மாதம் உப்பு வாரும் கோலை ஒரு சாண் நீட்டினாள். வாருவோரின் முதுகு பிழைத்தது. முதலாம் ஆண்டு அறுபது வண்டி விளைந்த அவள் அளத்தில், இரண்டாம் ஆண்டு எண்பது விளைந்தது.

மூன்றாம் சித்திரையில் மன்னனின் ஆணை வந்தது. புரட்டாசி முடிவதற்குள் நூறு வண்டி உப்பைத் துறைக்கு அனுப்பாதவரின் அளம் பறிக்கப்பட்டு, அனுப்பியவருக்கு வழங்கப்படும். அன்று வெண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அந்த அளம் ஒன்றே பிழைப்பு. மறுநாள் காலை பலகையைத் துடைத்து, 'தெற்கு வரப்பின் நண்டு வளை' என்று எழுதினாள்.

மாநாகனும் அஞ்சினான். அஞ்சியவாறே பதினோரு முழப் பலகைக்குச் சொல்லியனுப்பினான். 'பத்தாயிரம் வண்டி.' இலக்கை எவரும் மறந்துவிடலாகாது என்று, வேலையாட்கள் தினமும் காலையில் பலகைமுன் நின்று அதை மும்முறை கேட்க வேண்டும் என்றான். படிக்க ஓர் ஆள், படிப்பவனுக்குக் குடை பிடிக்க ஓர் ஆள், கொட்டாவி விடுவோரைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள். வரப்பில் நீர் ஒழுகுகிறது என்று சொல்லவந்த பெண்ணை, பலகையில் இல்லாததைப் பேசாதே என்று உட்கார வைத்தார்கள்.

புரட்டாசியின் கடைசி நாளில் மன்னனின் அதிகாரி வந்தார். வெண்ணி அனுப்பியவை நூற்று மூன்று வண்டிகள். மாநாகன் அனுப்பியவை எழுபது.

"மிச்சம் எங்கே?" என்றார் அதிகாரி.

"அடுத்த ஆண்டுப் பலகை தயாராக இருக்கிறது, ஐயா. பதினைந்து முழம்."

அதிகாரி பலகையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம்" என்றார். அளத்தை வெண்ணியிடம் ஒப்படைத்தார்.

வெண்ணி ஒருவரையும் விலக்கவில்லை. மாநாகனுக்கும் வேலை தந்தாள். முதல் வேலையாக அவனுடைய பலகைகள் எல்லாவற்றையும் அறுத்து, ஒழுகிக்கொண்டிருந்த மடைகளில் பொருத்தச் செய்தாள். கச்சிதமாகப் பொருந்தின. அந்த இலக்குகளால் அளத்தில் ஒரு துளி நீர் நின்றது அன்றுதான்.

மாநாகன் வரப்பில் நின்று நாலாபுறமும் பார்த்தான். "எத்தனை வளைகளை அடைக்கப் போகிறோம்? ஆயிரம் என்று எழுதட்டுமா?"

"உங்கள் காலடியில் ஒன்று இருக்கிறது, அண்ணா. முதலில் அதை அடையுங்கள்."

இக்கதை சொல்லும் நீதி இது: ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கும் பெரிய இலக்கை விட, மாதந்தோறும் திருத்தும் ஒரு சிறிய குறையே தொழிலை வளர்க்கும்.