ஆஷ்மியர் மாளிகையின் காலடி ஓசை

ஒரு வீடு என்பது அது நிற்கும் மண்ணா, அதைத் தாங்கும் மரமா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஆஷ்மியர் மாளிகையின் பிள்ளைகள் இருவர் அப்படி அவசரப்பட்டுத்தான் பரம்பரை வீட்டையே இரண்டாக்கினார்கள்.

ஆற்றங்கரையில் இருந்த அந்த மாளிகை முழுக்க ஓக் மரச் சட்டங்களால் ஆனது. ஓர் ஆணிகூடக் கிடையாது, எல்லாம் மர முளைகள். முளைகளைத் தட்டி எடுத்தால் மாளிகையையே கழற்றி வண்டியில் ஏற்றிவிடலாம். அதன் எஜமானி எலினோர், கடைசிக் குழந்தையாக மகள் ஹெஸ்டரைப் பெற்ற சில நாளில் இறந்துபோனாள். இறந்தாளே தவிர, வீட்டை விட்டுப் போகவில்லை. அந்தி சாய்ந்ததும் அவள் மாடிப்படி ஏறும் ஓசை கேட்கும். குழந்தைகளின் அறை வாசல் வரை போய் நிற்கும். மறுநாள் பார்த்தால் படியின் கைப்பிடியில் தூசி துடைத்த தடம் இருக்கும். சில நாள் உருவமும் தெரியும், பாதங்கள் மட்டும் தெரியாது. அவள் இறந்த பிறகு, ஈரம் ஏறுகிறதென்று கணவர் கீழ்த்தளத்தைக் கல் பாவி உயர்த்தியிருந்தார். அவளோ கல்லுக்கு அடியிலிருந்த பழைய தரையிலேயே நடந்தாள்.

அண்ணன்மார் இருவரும் ஹெஸ்டரை "தாயை முழுங்கினவள்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அவளும் அதை நம்பித் தலைகுனிந்தே வளர்ந்தாள். தந்தையோ தினமும் படியருகே நாற்காலி போட்டு அந்த ஓசைக்காகக் காத்திருப்பார். ஓர் அறுவடைக் காலத்தில் ஹெஸ்டர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது ஓசை வரவே இல்லை. அறுவடைக் கூச்சல் எஜமானிக்குப் பிடிக்கவில்லை போலும் என்றார்கள் வேலைக்காரர்கள்.

சாகும் தறுவாயில் தந்தை, பெல்லமி பாதிரியாரை அழைத்துப் பிள்ளைகள் மூவரின் முன்னிலையில் சொன்னார்: "எலினோர் யார்கூட இருக்காளோ, அவங்களுக்குத்தான் ஆஷ்மியர். நிலம், பேரு, எல்லாம். ஐயா, நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

அவர் கண்ணை மூடியதும் சண்டை மூண்டது. இளையவன் கில்பர்ட் ஓக் சட்டங்களையும் மாடிப்படியையும் கழற்றிப்போய், ஆற்றின் அக்கரையில் மறுபடி பூட்டி நிறுத்தினான். மூத்தவன் ஆம்ப்ரோஸ் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே செங்கல் மாளிகை எழுப்பினான். ஹெஸ்டருக்குக் கிடைத்தது வாயிற்காவலனின் ஓரறைக் குடிசை. வென்றவன் விரட்டினால் அதுவும் இல்லை.

பாதிரியார் முதலில் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போனார். வேலைக்காரர்கள் பயந்து அந்திக்கு முன்பே கிளம்பிவிட்டதால், பரிமாறவும் படுக்கை போடவும் ஹெஸ்டரை வரவழைத்திருந்தார்கள். அவள் மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது கூடத்தின் நடுவே எலினோர் தோன்றினாள். பாதங்கள் இல்லை. பழைய மாடிப்படி இருந்த வெற்றிடத்தில், காற்றிலேயே ஏறிப்போனாள். பாதிரியாரின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

"பார்த்தீங்களா ஐயா? அம்மா இந்த மண்ணை விட்டுப் போகல!" என்றான் ஆம்ப்ரோஸ்.

அடுத்த வாரம் கில்பர்ட் வீடு. அங்கும் வேலைக்காரர்கள் ஓடிவிட்டார்கள், அங்கும் ஹெஸ்டர்தான் வந்தாள். அவள் மாடியில் விளக்கேற்றப் போனதும், ஓக் படிகள் ஒவ்வொன்றாக முனகின. ஆள் யாருமில்லை. கைப்பிடியின் தூசி மட்டும், ஒரு கை அகலத்துக்கு, கீழிருந்து மேலாக அழிந்துகொண்டே போனது.

"அம்மா மரத்துலதான் இருக்காங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றான் கில்பர்ட்.

அதே அந்தியில் தன் செங்கல் மாளிகையில் காத்திருந்த ஆம்ப்ரோஸுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பாவம் பாதிரியார், தலையைப் பிய்த்துக்கொண்டார். நீங்களாவது சொல்லுங்கள்: எலினோர் உண்மையில் யாருடன் இருக்கிறாள்? ஆஷ்மியர் யாரைச் சேர வேண்டும்?

விடை: ஹெஸ்டரை. ஓசை கேட்ட இடத்திலெல்லாம் அவள் இருந்தாள், அவள் இல்லாத இடத்தில் ஓசை இல்லை. கடைசியில் இது பிடிபட்டதும் பாதிரியார் நேராகக் குடிசைக்குப் போய், "இங்கே ஏதாவது கேட்குதாம்மா?" என்றார். அவள் முகம் வெளுத்தது. "தினமும் கேட்குது ஐயா. ஆனா இங்க மாடியே இல்லையே. என் பிரமைன்னு யார்கிட்டயும் சொல்லல." பேசிக்கொண்டிருக்கும்போதே இருட்டியது. படியே இல்லாத அந்த ஓரறைக்குள் யாரோ படியேறினார்கள். ஓசை கூரையைத் தாண்டி மேலே போயிற்று. தன்னை ஈன்றதால் செத்தவள் தன்னைத் தேடித்தான் இத்தனை காலமும் ஏறுகிறாள் என்பது ஹெஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை பொங்க அண்ணாந்து, "மேல போகாதேம்மா. நான் கீழதான் இருக்கேன்" என்றாள். ஓசை நின்றது. பிறகு, முதல் முறையாக, இறங்கி வரத் தொடங்கியது.